என் கையேட்டின் ஒன்பதாம் பக்கம்

மயிலாப்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 2024-ல் இணைய மோசடியில் 88,000 ரூபாயை இழந்தார். பணத்தை எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவனிடம் போய்ச் சேரும் வழியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான். எழுத்திலேயே சொல்லிக் கொடுத்தேன். அதை இத்தனை நாள் மறைத்தும் வைத்தேன்.

முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் இணையத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு சிறிய கையேடு எழுதினேன். சொந்தச் செலவில் அச்சடித்தேன். அட்டையில், ‘தொடக்க நிலையினர் முதல் தேர்ந்தவர்கள் வரை’ என்று பெரிதாகப் போட்டேன். அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலும், மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தேன். வந்தவர்களில் பலரும் அறுபதைத் தாண்டியவர்கள். மாட வீதியில் பூ விற்கும் ஓர் அம்மாவும் வருவார். வாடிக்கையாளர் ஸ்கேன் செய்த பணம் உண்மையிலேயே கணக்கில் ஏறியதா என்று தானே பார்க்கத் தெரிந்தால் போதும் என்றார். பென்ஷன் சான்றிதழுக்காக ஒருவர் வந்தார். மின் கட்டணம் கட்டுவதற்காக இன்னொருவர் வந்தார். கையேட்டை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளவும் சொன்னேன். லஸ்ஸில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்பவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியபோது, முதல் நகரங்களில் நம் ஊரும் இருந்தது. ஊரின் பெயர் சென்னை என்று மாறியது அடுத்த வருடம்தான். அந்த முதல் சில வருடங்களிலேயே நான் இணையத்துக்கு வந்துவிட்டேன். மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்தவன். ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டவன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவன். தமிழ்99 விசைப்பலகை அந்த ஆண்டுதான் வந்தது. இதையெல்லாம் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். என்னைவிட இது தெரிந்தவர் இந்தத் தெருவில் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பில்தான் கையேட்டை எழுதினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ‘எந்த நிறுவனத்தின் தொலைபேசி எண் வேண்டுமானாலும் கூகுளில் தேடுங்கள். முதலில் வருவதைத் தொடுங்கள். நேராக அழைப்பு போய்விடும்.’

இந்த வரி எவ்வளவு ஆபத்தானது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடல் பக்கத்தில் மேலே வருவது பல சமயம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அது விளம்பரம் என்று சொல்லும் சொல் பொடி எழுத்தில் இருக்கும். வரைபடத்தில் காட்டும் கடைகளுக்கும் கிளைகளுக்கும் வேறு எண்ணை ‘திருத்தம்’ என்று பரிந்துரைக்க யாராலும் முடியும். போலி எண்ணோடு ஒரு பக்கத்தை உருவாக்கி, ‘கஸ்டமர் கேர்’ என்று தலைப்புப் போட்டு உலவவிட ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதெல்லாம் ரகசியமும் அல்ல. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கியே பண மோசடிகளின் வகைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டது. தேடுபொறியில் கிடைக்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் பற்றி அதில் இருக்கிறது. இலவசமாகவே படிக்கலாம். என் கையேடு அதற்கு அடுத்த வருடம் வந்தது. நான் அதைப் படிக்கவில்லை. படிக்க நேரமில்லாமல் அல்ல. எனக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

எனக்கு எச்சரிக்கையும் வந்தது. என் தங்கை மகள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அச்சுக்குப் போகும் முன் கையேட்டை அவளிடம் கொடுத்தேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் கொடுத்தேன். அவள் அந்த வரியை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “மாமா, தேடி எடுத்த நம்பருக்கு போன் பண்ணச் சொல்லாதீங்க. கார்டுக்குப் பின்னாடி நம்பர் இருக்கு, பாஸ்புக்ல இருக்கு. அதைப் பாக்கச் சொல்லுங்க” என்றாள். பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு அத்தியாயம் வேண்டும் என்றும் சொன்னாள். “வயசானவங்களை முதல்லயே பயமுறுத்தினா கத்துக்கவே வரமாட்டாங்க” என்று பதில் சொன்னேன். அதில் பாதி உண்மை இருந்தது. மீதி, நேற்றுப் பிறந்த பெண் எனக்குச் சொல்வதா என்ற எரிச்சல். வரி அப்படியே அச்சேறியது.

பணத்தை இழந்த அந்த ஆசிரியை என் வகுப்பில் மிகக் கவனமான மாணவி. மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும். நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்வார். கையேட்டில் பென்சிலால் அடிக்கோடு போடுவார். புதிதாக வந்த டெபிட் கார்டை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுவந்தார். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டில் இணையப் பரிமாற்றம் மூடியே இருக்கும். நாமாகத் திறந்தால்தான் உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் நாமே வைத்துக்கொள்ளலாம். ஏமாறுகிறவர்களைக் காப்பதற்காகவே போட்ட விதி அது. அவர் கைபேசியை வாங்கி நானே திறந்தேன். வங்கிச் செயலி வரம்பு கேட்டது.

“5,000 போதும் சார். எனக்கு எதுக்கு அதுக்கு மேல?” என்றார்.

“இருக்கட்டும் டீச்சர். அப்புறம் ஒவ்வொரு தடவையும் மாத்திக்கிட்டு இருக்கணும்” என்று சொல்லி, 50,000 என்று போட்டேன்.

அவர் கேட்டதைப் போட்டிருந்தால், இரண்டு நாள் வரம்பும் சேர்ந்து அவர் இழப்பு 10,000 ரூபாயைத் தாண்டியிருக்காது. இந்தக் கணக்கை நான் பல இரவுகள் போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை மாறுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயலிகள் ஒவ்வொன்றும் அனுமதி கேட்கும். செய்திகளைப் படிக்கட்டுமா, தொடர்புகளைப் பார்க்கட்டுமா என்று கேட்கும். வகுப்பில் இது வரும்போதெல்லாம் பாடம் நின்றுவிடும். ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். எனக்குப் பொறுமை போய்விடும். “கேட்டா அலோ குடுத்துடுங்க, இல்லன்னா ஆப் வேலை செய்யாது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். டீச்சர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று நடந்தது இதுதான். திருச்சியில் இருக்கும் தங்கைக்கு அவர் அனுப்பிய பார்சல் போய்ச் சேரவில்லை. கூரியர் நிறுவனத்தின் எண் வேண்டும். கையேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். தேடினார். முதலில் வந்ததைத் தொட்டார். பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். முகவரி தவறாகப் பதிவாகிவிட்டது, திருத்த 5 ரூபாய் கட்ட வேண்டும் என்றான். வாட்ஸாப்பில் ஒரு லிங்க் அனுப்பினான். அதைத் தொட்டதும் ஒரு செயலி இறங்கியது. தெரியாத இடத்திலிருந்து வருகிறது என்று கைபேசியே எச்சரித்தது. அனுமதி கேட்டது. கொடுத்தார். நான் சொல்லியிருந்தேனே. கார்டு எண்ணைப் போட்டு 5 ரூபாய் கட்டினார். அந்தச் செயலி, அவருக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அவனுக்கும் அனுப்பத் தொடங்கியது. ஓடிபியை அவர் வாயால் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இருக்கவில்லை.

மாலை ஏழு மணிவாக்கில் 40,000 ரூபாய் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அவர் முதலில் அழைத்தது என்னை. மகனைக்கூட அல்ல.

நான் அப்போது தி.நகரில், பனகல் பார்க் அருகே ஒரு கூட்டத்தில் இருந்தேன். என் கையேட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்து நான் மேடை ஏற வேண்டும். வராந்தாவில் நின்று பேசினேன். அவர் குரல் நடுங்கியது. முழுவதையும் சொல்லவிடவில்லை. “டீச்சர், டென்ஷன் ஆகாதீங்க. இனிமே யாரு கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. காலைல பிராஞ்ச் திறந்ததும் போய் லெட்டர் குடுத்துடலாம், நானும் வர்றேன்” என்றேன். “சரி சார், நீங்க சொன்னா சரி” என்றார். கைபேசியை அணைத்துவிட்டு உள்ளே போனேன். இணையம் எவ்வளவு எளிது என்று பேசினேன். கைதட்டினார்கள்.

காலை வரை காத்திருக்கச் சொன்னதுதான் என் பிழைகளிலேயே பெரியது. 1930 என்று ஓர் எண் இருக்கிறது. இணையப் பண மோசடிக்கென்றே நாடு முழுவதற்குமான உதவி எண். அங்கே சொன்னால், காவல்துறையையும் வங்கிகளையும் இணைக்கும் அமைப்பில் புகார் ஏறும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அந்த வாய்ப்பு நல்ல வாய்ப்பு. எனக்கு அந்த எண் தெரியாது. இணையக் கையேடு எழுதியவனுக்குத் தெரியாது. கார்டை உடனே முடக்கலாம் என்பது தெரியும். வங்கிச் செயலியில் இரண்டு தொடுதல், அல்லது கார்டின் பின்புற எண்ணுக்கு ஓர் அழைப்பு. அதையும் சொல்லவில்லை. மேடை ஏற வேண்டும் என்ற அவசரம் தவிர வேறு காரணம் இல்லை.

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அன்று மாலை ஏழரைக்கு டீச்சர் வங்கியை அழைத்திருந்தால், அதற்குப் பின் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் தலையில் விழுந்திருக்கும். நான் காலையில் பார்க்கலாம் என்றேன்.

நள்ளிரவு தாண்டியதும் அன்றைய வரம்பு முடிந்து புதிய நாளின் வரம்பு திறந்தது. அவன் காத்திருந்தான். செயலி இன்னும் கைபேசியில் இருந்தது. கார்டு இன்னும் திறந்தே இருந்தது. பன்னிரண்டரைக்குள் இன்னும் 48,000 ரூபாய் போயிற்று. டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நம்பித் தூங்கினார்.

காலையில் அவருடன் வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நேத்து சாயங்காலமே ஏம்மா சொல்லல? இந்த ரெண்டாவது அமௌன்ட்டாவது மிஞ்சியிருக்குமே” என்றார். நான் டீச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. “தோணல சார்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்க நிறைய நேரம் இருந்தது. அதிகாரி படிவம் எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார்கள். அப்போதும் நான் சும்மா நின்றேன். நான்தான் சொன்னேன், நான்தான் காலை வரை பொறுக்கச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஆள் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று பயந்தேன். முன்பின் தெரியாத ஓர் ஆளின் மதிப்புக்காக, எழுபது வயதுப் பெண்மணியைக் கவனமில்லாதவர் என்று பெயர் வாங்கவிட்டேன்.

பிறகு இன்னும் மோசமாக நடந்துகொண்டேன். வகுப்பில் கேட்டார்கள். “டீச்சர் தெரியாத லிங்க்கைத் தொட்டுட்டாங்க” என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாக அது பொய். பெங்களூரிலிருந்து வந்த அவர் மகனிடமும் அதையே சொன்னேன். மகன் கோபக்காரர் அல்ல, பயந்துபோயிருந்தார். அம்மாவின் கைபேசியை வாங்கிக்கொண்டு பட்டன் போன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். திருச்சித் தங்கையும் டீச்சரும் தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுவார்கள். அது நின்றது. தங்கைக்குக் காது மந்தம், வெறும் போனில் பேச முடியாது. உதட்டைப் பார்த்தால்தான் புரியும். பணத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்வதே இல்லை. இதுதான் பெரிய நஷ்டம்.

வகுப்புக்கு வந்தவர்களும் குறைந்தார்கள். பென்ஷன்காரர் மறுபடி கியூவில் நிற்கத் தொடங்கினார். டீச்சருக்கே இப்படி ஆனதென்றால் நமக்கு எதற்கு என்று அவர்கள் நினைத்தார்கள். பிழை என்னுடையது என்று தெரிந்திருந்தால், இணையத்தை விட்டிருக்க மாட்டார்கள், என்னை விட்டிருப்பார்கள். அதுதான் நியாயம். அந்த நியாயம் நடக்காமல் நான் தடுத்தேன்.

ஏன் இப்படிப்பட்ட கையேட்டை எழுதினேன் என்று யோசித்திருக்கிறேன். இணையம் வந்த புதிதில் தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்வோம். ஓர் எழுத்து மாறினால் வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் மேலே இருக்கும் முகவரியைப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. எங்கே போனாலும் பார்ப்பேன், பார்ப்பதுகூடத் தெரியாமல் பார்ப்பேன். டீச்சர் முதன்முதலில் தொட்ட கணினியே கைபேசிதான். அவருக்கு முகவரி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தேடினால் வருகிறது, வந்தால் தொடலாம், அவ்வளவுதான். என் விரல் என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். என் கண் என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தொடக்க நிலையினருக்கும் தேர்ந்தவர்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசமே அதுதான். அது தெரியாமல் இரு தரப்புக்கும் ஒரே புத்தகம் என்று அட்டையில் போட்டேன்.

பல மாதம் கழித்துத்தான் டீச்சரிடம் போனேன். ஒன்பதாம் பக்கத்தையும், வரம்பையும், அந்த மாலைப் பேச்சையும் சொல்லி, தவறு முழுக்க என்னுடையது என்றேன். அவர் பூஜை அலமாரியிலிருந்து கையேட்டை எடுத்துவந்தார். அந்த வரிக்குக் கீழே அவருடைய பென்சில் கோடு இருந்தது. “தெரியும் சார். இதைப் பாத்துத்தானே போன் பண்ணேன்” என்றார். யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க நல்லதுதானே பண்றீங்க. உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு” என்றார். என் பெயரை அவர் காத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அவர் பெயரை நான் ஊரெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மோசடிக்காரனிடமிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. நள்ளிரவுக்குப் பின் போன 48,000 ரூபாயை நான் கொடுத்தேன். முதலில் போன 40,000 ரூபாயை அவர் வாங்க மறுத்துவிட்டார். கொடுத்தேன் என்பதால் எதுவும் குறையாது. மகனிடம் பேசினேன். கைபேசி திரும்பி வந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள்.

மீதி இருப்பது அந்தக் கையேடு. அச்சடித்ததில் என்னிடம் இருந்ததைக் கிழித்துவிட்டேன். ஜெராக்ஸ் எடுத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீலநிற அட்டை, உள்ளே முப்பத்திரண்டு பக்கம். உங்கள் வீட்டிலோ, உங்கள் அப்பா அம்மாவின் மேசையிலோ இருந்தால், ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அங்கே இப்படி எழுதுங்கள்: வங்கியின் எண் கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் இருக்கிறது, கூரியர் எண் ரசீதில் இருக்கிறது, தேடி எடுக்க வேண்டாம். வங்கியின் தளம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025-லிருந்து ரிசர்வ் வங்கி அந்த முகவரிக்கு வங்கிகளை மாற்றியிருக்கிறது. பணம் பெற ‘பின்’ நம்பர் தேவையில்லை. யாராவது கேட்டால் அவன் எடுக்கப் பார்க்கிறான். லிங்க்கில் வரும் செயலியை இறக்காதீர்கள். வீடியோவில் போலீஸ் யாரையும் கைது செய்வதில்லை. கார்டு வரம்பைத் தேவைக்கு மட்டும் வையுங்கள்.

அட்டையின் மேலே, கண்ணில் படும்படி, 1930 என்று பெரிதாக எழுதுங்கள். பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே அங்கே அழையுங்கள். வேறு யாரையும், என்னைப் போன்றவரை நிச்சயமாக, முதலில் அழைக்காதீர்கள்.